வரலாறு என் விரல் நுனியில்

எட்டாம் வகுப்பு கனிஷ்கா ஒரு வியாழக்கிழமை நான்காவது பீரியடில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், சகாயராணி டீச்சர் அந்தக் குழுவின் பக்கமே போயிருக்க மாட்டாள்.

காட்டூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறவள் சகாயராணி. அன்றைக்குக் கர்நாடகப் போர்கள் பாடம். கரும்பலகையில் வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்து அதைக் காவிரி என்றாள். தெற்கே மலைக்கோட்டை, அதற்குள் ஆங்கிலேயர் தரப்பு. அவர்களை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தரப்பு 1752-இல் ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கியது, கோயில் மதில்களுக்குள் படை தங்கியது, பிறகு தீவே முற்றுகைக்குள்ளானது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பரீட்சைக்கு அவ்வளவு போதும்.

கனிஷ்கா எழுந்து நின்றாள். "மிஸ், கோயில் மதிலுக்குள்ளதான தெருவெல்லாம் இருக்கு. அங்க படை வந்துடுச்சுன்னா, ஏற்கெனவே குடியிருந்தவங்க எங்க போனாங்க?"

பத்தொன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. சகாயராணியும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியலம்மா. தேடிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஒரு மாதம் தேடினாள். நூலகத்தில் கிடைத்த புத்தகங்களில் தளபதிகளின் பெயர்கள் இருந்தன, பீரங்கிகளின் எண்ணிக்கை இருந்தது, சரணடைந்த தேதி இருந்தது. தெருவில் குடியிருந்தவர்கள் இல்லை. அதைத்தான் வகுப்பில் சொன்னாள். பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய துப்பறியும் வேலையாகப் பட்டது. ஆளுக்கு ஒரு விடை சொன்னார்கள். கொள்ளிடம் தாண்டி ஓடியிருப்பார்கள் என்றான் ஒருவன். கிழவிகள் போயிருக்க மாட்டார்கள் என்றாள் கனிஷ்கா. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. சகாயராணிக்கும் அவள் கணவன் அற்புதசாமிக்கும் பிள்ளை இல்லை. அந்த மாதிரி பீரியடுகள்தான் அவளுக்கு எல்லாமாக இருந்தன.

இந்தச் சமயத்தில்தான் மின்வழி வரலாற்றுக் கற்றல் இயக்கம் என்ற ஒன்று தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு வழியாக அவரவர் மாவட்ட வரலாற்றைக் கற்பிப்பது அதன் நோக்கம். விளையாட்டின் பெயர் 'வரலாறு என் விரல் நுனியில்'. விளையாட்டு என்னவென்று இன்னும் முடிவாகவில்லை. பெயர், சின்னம், பாராட்டு விழாத் தேதி ஆகியவை முடிவாகியிருந்தன. உள்ளடக்கக் குழுவுக்கு அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் தேவை என்று சுற்றறிக்கை வந்தபோது, தலைமையாசிரியை லிசி யாரையும் கேட்காமல் சகாயராணியின் பெயரை எழுதி அனுப்பினார். வேறு யார் பெயரை எழுதினாலும் அவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சகாயராணி சண்டைக்குப் போகவில்லை. கனிஷ்காவின் கேள்விக்கு அங்கே ஓர் இடம் கிடைக்கும் என்று அவள் உண்மையில் சந்தோஷப்பட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஒரு நூறு பக்க நோட்டை நிரப்பினாள்.

இயக்கத்தின் மாவட்ட அலுவலகம் மன்னார்புரத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. மேசையைச் சுற்றி நால்வர். நடுவில் திட்ட அலுவலர் ஜெய்சங்கர். இதற்கு முன் மீன்வளத்திலும் அதற்கு முன் கைத்தறியிலும் இருந்தவர், எதிலும் குறை சொல்ல இடம் வைக்காதவர் என்று பெயர் வாங்கியவர். அவர் பக்கத்தில் பண்பாட்டு ஆலோசகர் சௌரிராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே விளையாட்டைச் செய்து தரும் சென்னைக் கம்பெனியின் சார்பில் ப்ரீத்தி என்ற இளம்பெண், மடிக்கணினியோடு. கடைசி நாற்காலியில் சகாயராணி, நோட்டோடு.

"சொல்லுங்க மேடம், உங்க மாதிரி களத்துல இருக்கறவங்க சொல்றதுதான் எங்களுக்கு வேதம்" என்றார் ஜெய்சங்கர்.

சகாயராணி சொன்னாள். விளையாடுகிற பிள்ளைதான் பரிசல்காரர். வருடம் 1752. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் படை. பரிசலில் இரண்டு பேருக்குத்தான் இடம். கரையில் காயம்பட்ட சிப்பாய் நிற்கிறான், கைக்குழந்தைக்காரி நிற்கிறாள், அரிசி மூட்டையோடு வியாபாரி நிற்கிறான், நடக்க முடியாத கிழவி இருக்கிறாள். யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். விட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அடுத்த தடவை வரும்போது தெரியும்.

ப்ரீத்தி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மேடம், இதுல ஜெயிக்கிறது எப்படி?"

"இதுல யாரும் ஜெயிக்கலம்மா. ஆத்தைத் தாண்டுனவங்க பொழைச்சாங்க. அவ்வளவுதான்."

"நல்லா இருக்கு மேடம்" என்றாள் ப்ரீத்தி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நிஜமாவே நல்லா இருக்கு."

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'திருமதி சகாயராணி அவர்களின் ஆலோசனை ஒருமனதாக வரவேற்கப்பட்டது' என்று ஏறியது. அந்த அலுவலகத்தில் ஒன்றை வரவேற்றுவிட்டால் பிறகு அதை எதிர்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருப்பதில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது. மிக்சரும் டீயும் சாப்பிட்டுவிட்டு சந்தோஷமாக பஸ் ஏறினாள்.

இரண்டாவது கூட்டத்தில் ஜெய்சங்கர் நோட்டை முழுவதும் படித்துவிட்டு வந்திருந்தார். பென்சிலால் ஒரே ஒரு சொல்லைத்தான் வட்டமிட்டிருந்தார்.

"முற்றுகை. இந்த வார்த்தையை யோசிக்கணும் மேடம்."

"கோட்டையை முற்றுகை போட்டாங்க சார். அதுக்கு வேற வார்த்தை இல்லீங்களே."

"போன வாரம் கலெக்டர் ஆபீசை முற்றுகை போட்டாங்க. அதுக்கு முந்தின வாரம் மின்வாரிய ஆபீஸ். எட்டாம் வகுப்புல பிள்ளைங்களுக்கு முற்றுகை போடக் கத்துக் குடுத்தா, பத்து வருஷம் கழிச்சு எங்க வந்து நிப்பாங்கன்னு யோசிச்சீங்களா? இந்த மாடிக்குத்தான் வருவாங்க. படிக்கட்டு வேற ஒண்ணுதான் இருக்கு."

யோசித்துப் பார்த்ததில் முற்றுகை 'நீண்ட காலத் தங்கல்' ஆயிற்று. நீண்ட காலம் தங்குகிறவர்களிடம் பீரங்கி எதற்கு என்ற கேள்வி தானாக எழுந்தது. பீரங்கி வன்முறை என்பதால் அதுவும் போயிற்று. காயமே இல்லாத காரணத்தால் காயம்பட்ட சிப்பாய் கரையில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் சௌரிராஜன் கைகூப்பிக்கொண்டு எழுந்தார். "அடியேனுக்கு ஒரு விண்ணப்பம். தங்கினா, வாஸ்தவம். ஆனா பெருமாள் சன்னிதி இருக்கற மதிலுக்குள்ளே பரதேசத்துப் படைவீரன் சமைச்சான், பாத்திரம் அலம்பினான்னு குழந்தேளுக்குக் காட்டறது அவ்வளவா உசிதமில்லே."

"வேற எப்படிக் காட்டலாம் சாமி?" என்று கேட்டார் ஜெய்சங்கர்.

"யாத்திரீகர்களா எழுந்தருளினதா போட்டுடலாமே. கடல் தாண்டி சேவிக்க வந்திருக்கா. மாவட்டத்துக்கே பெருமை."

"அவங்க சரணடைஞ்சாங்களே சார், அதுக்கு என்ன சொல்றது?" என்றாள் சகாயராணி.

சௌரிராஜன் முகம் மலர்ந்தது. "அதைத்தானே அம்மா நாங்களும் காலங்காலமா சொல்லிண்டு வரோம். சரணாகதி. அதை அப்படியே வச்சுண்டுடலாம்."

விளையாட்டில் முதலில் சொன்னபடியே மாறாமல் இருந்த ஒரே நிகழ்ச்சி அதுதான்.

நான்காவது கூட்டத்துக்கு ஆறு வந்தது. காவிரியில் தண்ணீர் காட்டலாமா கூடாதா என்பது பிரச்சினை. தண்ணீர் ஓடினால், ஓடுகிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக யாராவது நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டுவார்கள். காய்ந்து கிடந்தால் விவசாயிகள் சங்கம் அதைப் படமெடுத்துப் போஸ்டர் அடிக்கும். பாதித் தண்ணீர் காட்டலாம் என்று ப்ரீத்தி சொன்னாள். எவ்வளவு கனஅடி என்று ஜெய்சங்கர் கேட்டார்.

"சாலையாப் போட்டுடுங்க. தார்ச் சாலை. அது நம்ம மாநிலத்துச் சாலை, யாரும் எதுவும் கேக்க முடியாது" என்றார் ஜெய்சங்கர்.

"சார், பரிசல்?" என்றாள் சகாயராணி.

"பரிசல் இருக்கட்டுமே. பரிசல் நம்ம பாரம்பரியம். அதுல நான் கை வைக்கவே மாட்டேன்."

"சாலையில பரிசல் எப்படி சார் போகும்?"

ஜெய்சங்கர் ப்ரீத்தியைப் பார்த்தார். ப்ரீத்தி திரையைப் பார்த்துக்கொண்டே, "தள்ளிட்டுப் போற மாதிரி பண்ணிடலாம் சார். அம்புக்குறி பட்டனை அமுத்திட்டே இருந்தா நகரும்" என்றாள்.

பிறகு அரசர்களின் பெயர்கள். எந்தப் பெயரைப் போட்டாலும் அந்தப் பெயருக்கு ஒரு பேரவை இருந்தது. ஆகவே ராஜா 1, ராஜா 2 என்று வைத்தார்கள். எங்கள் ராஜா ஏன் இரண்டாவது என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. எந்த ராஜா எவர் என்று எங்கேயும் சொல்லாதபோது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று சகாயராணி ஆச்சரியப்பட்டாள். இருவருமே ராஜா 1 ஆனார்கள். கைக்குழந்தைக்காரியை ஏற்றாமல் விட்டுவிட்டுப் போனால் பிள்ளைகளின் மனம் புண்படும் என்பதால் அவளும், அரிசி மூட்டை பதுக்கலை நினைவுபடுத்துவதால் வியாபாரியும், மூத்த குடிமக்கள் நலம் வேறு துறை என்பதால் கிழவியும் அடுத்தடுத்த கூட்டங்களில் கரையை விட்டுப் போனார்கள்.

கடைசியாக மிஞ்சியது இது: ஒரு தார்ச் சாலை. அதில் ஓர் ஆளில்லாத பரிசல். அதைத் தள்ளி அந்தப் பக்கம் சேர்த்தால் 'சரணாகதி நிறைவு' என்று எழுத்து வரும். தள்ளாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அரை மணி நேரத்தில் அதே எழுத்து வரும், ஏனென்றால் எந்தப் பிள்ளையும் தோற்கக் கூடாது. நடுநடுவே ஒற்றை மதிப்பெண் கேள்விகள் வரும். எதை அமுத்தினாலும் சரி.

எட்டாவது கூட்டம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது ப்ரீத்தி அவள் கையைப் பிடித்தாள். "சாரி மேடம். எங்க டீம்ல எல்லாருக்கும் உங்க முதல் கேம்தான் பிடிச்சிருந்துச்சு. ஒருத்தர் கிழவியைக்கூட வரைஞ்சு வச்சிருந்தார்."

"அந்தப் படம் இருக்கா?"

"சர்வர்ல இருந்து எடுத்துடச் சொல்லிட்டாங்க மேடம். அடுத்த வாரத்துல இருந்து நான் வேற வேலைக்குப் போறேன். பல் விளக்கறதுக்கு ஒரு கேம்." இருவரும் வாசலுக்கு வந்தார்கள். பிறகு ப்ரீத்தியின் ஆட்டோ வந்துவிட்டது.

வீட்டில் அற்புதசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் அவன். "கழண்டு போனதை மாட்டுறதுதான் எங்க வேலை. உங்க ஆளுங்க மாட்டியிருக்கறதைக் கழட்டுறாங்க. அதுக்கும் சம்பளம் உண்டு. நீ சாப்பிடு" என்றான்.

விளையாட்டின் தொடக்க விழாவுக்கு அவள் பள்ளியையே தேர்ந்தெடுத்தார்கள். பத்து மடிக்கணினிகள் வந்து இறங்கின. பூஜை போட்டு, பொட்டு வைத்து, மேசையில் வரிசையாக வைத்தார்கள். விழா முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று அலுவலகத்தில் இருந்து வந்த உதவியாளர் பிச்சை காவலுக்கு நின்றார். பள்ளியில் இணைய இணைப்பு கிடையாது. ஆகவே வேறு ஏதோ ஊரில் வேறு பிள்ளைகள் அதை விளையாடுவது போன்ற ஒரு வீடியோவைத் திரையில் ஓட்டினார்கள். காட்டூர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கை தட்டினார்கள்.

ஜெய்சங்கர் பேசினார். "வரலாறு என்பது முடிந்துபோன விஷயம். முடிந்துபோன விஷயத்தில் பிழை வந்தால் திருத்த முடியாது. பிழை வராமலிருக்க ஒரே வழி, விஷயம் வராமலிருப்பதுதான். இந்த விளையாட்டை எட்டு முறை ஆய்வு செய்து, ஆட்சேபிக்கத் தக்க ஒரு வரிகூட இல்லை என்ற நிலையை எட்டியிருக்கிறோம். எந்தச் சங்கமும் எந்தக் கட்சியும் எந்த நீதிமன்றமும் இதில் குறை காண முடியாது. நானே தேடிப் பார்த்துவிட்டேன், எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை."

பலத்த கரவொலி எழுந்தது. சகாயராணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கனிஷ்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இணைப்பு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் நூற்று எண்பத்தேழு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் வாரம் அரை மணி நேரம் விளையாட வேண்டும். உள்ளே நுழைய வேண்டுமானால் பெற்றோரின் போனுக்கு ஒரு எண் வரும். அதை மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். கனிஷ்காவின் அம்மா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், போனை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அப்பா வெல்டிங் ஒப்பந்த வேலை, நெருப்பு பறக்கும்போது போனை எடுக்க மாட்டார். மற்ற பிள்ளைகளின் கதையும் ஏறக்குறைய அதேதான். முதல் வாரத்தில் உள்ளே நுழைந்த பிள்ளைகள் நான்கு பேர்.

மாநிலப் பட்டியலில் பள்ளியின் பெயர் சிவப்பாயிற்று. தலைமையாசிரியை லிசிக்கு ஜெய்சங்கரிடமிருந்து போன் வந்தது. பத்து நிமிடம் 'சரிங்க சார், சரிங்க சார்' என்று பேசிவிட்டு, அவர் சகாயராணியைக் கூப்பிட்டார்.

"ராணி, பெற்றோர் போன் நம்பர்ங்கற இடத்துல எல்லாத்துக்கும் உன் நம்பரைப் போட்டுடு."

"நூத்தி எண்பத்தேழு பேருக்குமா டீச்சர்?"

"எனக்குப் பிரஷர் இருக்கு. என் நம்பரைப் போட முடியாதுல்ல."

அன்றிலிருந்து பதிவேட்டின்படி சகாயராணி நூற்று எண்பத்தேழு பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆனாள். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக அழைத்து உட்காரவைத்து, எண் வாங்கி, தட்டச்சி முடிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும். வாரத்தில் அத்தனை பீரியடுகள் இல்லை. ஆகவே பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு அவளே எல்லாருக்காகவும் விளையாட வேண்டியதாயிற்று. பத்து மடிக்கணினிகளும் வரிசையாகத் திறந்திருக்கும். பத்துக் கல்லில் தோசை ஊற்றுகிற மாஸ்டர் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ஒவ்வொன்றிலும் அம்புக்குறியை அமுத்திக்கொண்டே போவாள். தள்ளாமல் இருந்தாலும் நிறைவாகிவிடும்தான். ஆனால் மூன்று நிமிடம் எதையும் தொடாவிட்டால் திரை அணைந்து, மறுபடி எண் கேட்கும்.

இப்படியாக வரலாற்றுப் பீரியடுகள் முழுவதும் வரலாற்று விளையாட்டுக்குப் போயின. ஒரு நாள் கனிஷ்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், எங்களுக்கு எப்ப க்ளாஸ் எடுப்பீங்க?"

"உனக்குத்தான்மா இப்ப விளையாடிட்டு இருக்கேன். இதோ, ஆறாவது கம்ப்யூட்டர்ல இருக்கியே, அது நீதான்."

கனிஷ்கா ஆறாவது திரையைப் பார்த்தாள். பரிசல் சாலையில் நகர்ந்துகொண்டிருந்தது. "நான் நல்லா பண்றேனா மிஸ்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. சகாயராணியால் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிக்குப் போக முடியவில்லை, அப்படியே ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். அதற்குள் நான்கு திரைகள் அணைந்துவிட்டன.

சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து போனில் குறுஞ்செய்திகள் வரும். 'அன்புள்ள பெற்றோரே, உங்கள் குழந்தை இன்று வரலாறு கற்றார்.' ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது, ஐம்பது. முதல் நாள் அற்புதசாமி சிரித்தான். ஒரு வாரம் கழித்து, போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருக்க, "எத்தனை வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தோம் ராணி" என்றான். பிறகு எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஆரம்பித்தான். அவள் சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்தாள்.

டிசம்பரில் அவள் பள்ளி மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. மாணவர் பங்கேற்பு நூற்றுக்கு நூறு, தேர்ச்சி நூற்றுக்கு நூறு, பெற்றோர் ஒத்துழைப்பு நூற்றுக்கு நூறு. பாராட்டு விழா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சிறந்த பள்ளி விருதை லிசி வாங்கினார். அடுத்து, மாநிலத்தின் சிறந்த பெற்றோர் விருது அறிவிக்கப்பட்டது. கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த பெயர். ஒரே போன் எண்ணில் இருந்து, ஒரு நாள்கூடத் தவறாமல், மூன்று நிமிடத்துக்குள் பதில் தந்த பெற்றோர்.

சகாயராணி மேடையேறினாள். இத்தனை பிள்ளைகள் எப்படி என்று மேடையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியவர்கள் கேட்கவில்லை. ஜெய்சங்கர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த விளையாட்டை விளையாடிய ஒரு குழந்தைகூட இதுவரை எங்களிடம் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. எவ்வளவு தெளிவாகப் புரிந்திருந்தால் ஒரு கேள்விகூட வராமலிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாங்களெல்லாம் படித்த காலத்தில் கேள்வி கேட்டு கேட்டே பாடம் முடியாமல் போகும்."

சௌரிராஜன் எழுந்து, தாயுள்ளம் என்பது எத்தகையது என்று கால் மணி நேரம் பேசினார். சகாயராணி கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் அவளுக்கு இன்னொரு கடிதம் வந்தது. அவள் பணியிடம் உபரி என்று கண்டறியப்பட்டிருந்தது. மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் மருங்காபுரிக்கு மாற்றம்.

மன்னார்புரத்துக்கு நேரே போனாள். ஜெய்சங்கர் எழுந்து நின்று வரவேற்றார், பிச்சையிடம் டீ சொன்னார், கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"சரியாத்தான் இருக்கு மேடம்."

"பத்தொன்பது வருஷமா ஒரே ஸ்கூல்ல இருக்கேன் சார். முதலிடம் வந்த ஸ்கூல்ல டீச்சர் எப்படி உபரியாவாங்க?"

"முதலிடம் வந்ததாலதான் மேடம்." அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "மாணவர் பதிவு பாருங்க, ஒரு வாரம் விடல. ஆசிரியர் பதிவு பாருங்க. பூஜ்யம். அக்டோபர்ல இருந்து உங்க பேர்ல நீங்க ஒரு நாள்கூட உள்ள வரல. நீங்க இல்லாமலே பிள்ளைங்க நூத்துக்கு நூறு எடுத்திருக்காங்கன்னா, நீங்க எதுக்குன்னு கம்ப்யூட்டர் கேக்குது. அது கேக்கறதுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க."

"சார், பிள்ளைங்க பேர்ல உள்ள போனதே..."

ஜெய்சங்கர் கையை உயர்த்தினார். குரல் கனிவாக இருந்தது. "மேடம், அதை நீங்க சொல்லல, நான் கேக்கல. சொன்னீங்கன்னா நூத்தி எண்பத்தேழு போலிப் பதிவுன்னு ஆகும். நான் நடவடிக்கை எடுக்கணும். உங்க மேல, லிசி மேடம் மேல, விருது குடுத்த என் மேல. அதுக்கு மேல இருக்கறவங்க மேல நான் எடுக்க முடியாது, அவங்க என்மேல எடுப்பாங்க. இத்தனை பேர் கஷ்டப்படணுமா? மருங்காபுரிக்கு நல்ல பஸ் இருக்கு."

டீ வந்தது. அவள் குடித்தாள். குடிக்காமல் எழுந்து வந்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

விடுவிப்பு உத்தரவு வருவதற்குள் மூன்றாம் இடைத்தேர்வு நடந்தது. வினாத்தாள் இயக்கத்தில் இருந்து வந்தது, விடைக்குறிப்பும் கூடவே வந்தது. விளையாட்டில் உள்ளதை மட்டுமே கேட்டிருந்தார்கள். விடைக்குறிப்புக்கு வெளியே எழுதும் எதற்கும் மதிப்பெண் இல்லை, திருத்தும் ஆசிரியர் சொந்தமாக முடிவெடுக்கக் கூடாது என்று தலைப்பில் தடித்த எழுத்தில் இருந்தது. திருத்தியவற்றைப் படமெடுத்து மேலேற்ற வேண்டும்.

கடைசி வெள்ளிக்கிழமை மதியம் சகாயராணி எட்டாம் வகுப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று பையன்கள் ஆறு என்றும் பீரங்கி என்றும் எழுதி வைத்திருந்தார்கள். ஜூனில் அவள் நடத்தியது எங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவற்றைச் சிவப்பு மையால் அடித்து பூஜ்யம் போட்டாள். பதினோராவது தாள் கனிஷ்காவுடையது.

'கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே உள்ளது எது?' என்ற கேள்விக்கு 'சாலை' என்று எழுதியிருந்தாள். 'ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர்கள் யார்?' யாத்திரீகர்கள். 'அப்போது அங்கே குடியிருந்தவர்கள் யார்?' யாரும் இல்லை. எல்லாம் குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

சகாயராணி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். கனிஷ்கா வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"லேப் பூட்டாத அன்னிக்கு ஒரு தடவை உள்ள போய்ப் பாத்தேன் மிஸ். அப்பறம் எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். மூணு பசங்க கேக்கல."

"நடுவுல ஆறு இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மிஸ். போன வாரம்கூடப் பாலத்துல போனோம்." கனிஷ்கா விடைத்தாளைக் கொஞ்சம் பயத்தோடு எட்டிப் பார்த்தாள். "ஆனா ஆறுன்னு எழுதினா மார்க் போயிடும்ல?"

"அங்க யாருமே குடியிருக்கலன்னு எழுதியிருக்கியே. நீதானம்மா கேட்ட, அவங்கல்லாம் எங்க போனாங்கன்னு."

கனிஷ்கா யோசித்தாள். உண்மையாகவே நினைவுபடுத்திக்கொள்ளப் பார்த்தாள். "நானா மிஸ்?" என்றாள்.

வெளியே பி.டி. பீரியடுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். சகாயராணி விடைக்குறிப்பை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கூட்டி, முகப்பில் முழு மதிப்பெண்ணை எழுதி வட்டமிட்டாள்.

"தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கனிஷ்கா மைதானத்துக்கு ஓடினாள்.

சகாயராணி அடுத்த தாளை எடுத்தாள்.